குடாப்புக்குப் போட்ட பூட்டு

786

நாகல் நகர், திண்டுக்கல்
18-7-1963, வியாழக்கிழமை

அன்பு மகள் நர்கீஸுக்கு, உன் அம்மா ஷரீஃபாவின் வாய் சொல்ல உன் தங்கச்சி நசீம் பானுவின் கை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் நானும் உன் அத்தாவும் நசீமும் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளை நூர் அகமதும் உன் மாமியும், உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இதை நின்றுகொண்டே பிரிக்காதே தாயி, ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. உன் மாமியின் தம்பி மைதீன் பிச்சை உங்களுக்குக் கடிதம் எழுதப் போகிறார். அது வந்து சேர்வதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும். அவர் வேடசந்தூரில் கடையைத் திறந்து பேனாவுக்கு மை ஊற்றுவதற்குள் நம்முடையது ரயில் ஏறிவிட வேண்டும் என்றுதான் நசீமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் உட்கார வைத்திருக்கிறேன். (அக்கா, இந்த அடைப்புக்குள் வருவதெல்லாம் நான் நசீம். அடைப்புக்கு வெளியே அழுவது அம்மா. கடிதக் காகிதம் போதாது என்று என் கணக்கு நோட்டைக் கிழித்தாயிற்று, கணக்கு டீச்சருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.)

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊருக்கெல்லாம் உள்ள வழக்கம், எனக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. போன தடவை உன் அத்தா தோல் ஷாப்பில், தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி ஓரம் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த நேரம். அங்க போயி என் மருமக கஞ்சித்தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கவா என்று உன் மாமி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பம்பாயிலேயே பெற்றாய். ஏழாம் நாள் பிள்ளை மவுத்தானதை எனக்குத் தந்திதான் சொன்னது. உனக்கு ஒரு வாய் சாறு வைத்துக் கொடுக்கவோ, தலையைத் துவட்டி விடவோ நான் பக்கத்தில் இல்லை. அந்தத் தந்தியைத் தூரப் போடவும் மனசு வரவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை, அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது. இந்தத் தடவை நீ முழுகாமல் இருக்கிறாய் என்று பங்குனியில் கடிதம் வந்தபோது அல்லாவிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை, இவளை என் கையால் பார்க்க விடு என்று மட்டும் கேட்டேன். உன் மாமி அதற்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டார். நாப்பது நாளும் புள்ள பெத்தவளுக்குக் கோழிச்சாறு குடுக்க அந்த வீட்டுல வக்கு இருக்கா, என் தம்பி போயிப் பாத்து எழுதட்டும், அப்புறம் அனுப்புறேன் என்று சொல்லியனுப்பினார். நானும் ரோஷத்தில், வந்து பாக்கட்டும், குடாப்பு நெறையக் கோழி நிக்கும் என்று பதில் எழுதச் சொல்லிவிட்டேன். ஆக, கோழி நின்றால் நீ வருவாய், கோழி இல்லாவிட்டால் நீ இல்லை. இதுதான் தாயி இந்த நாலு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருப்பது.

கடிதம் வந்த வாரமே இரண்டு கோழிக்கு அடை வைத்தேன், ஒன்றுக்குப் பதினொன்று ஒன்றுக்கு ஒன்பது என்று ஒற்றைப்படையில். பதினேழு பொரித்தது. ஐப்பசியில் நீ பிள்ளை பெறும் நேரம் எல்லாம் முட்டைக்கு வராத இளம் விடைக்கோழியாகிவிடும், அந்தச் சாறுதான் பச்சை உடம்புக்கு ஏற்றது என்று நாள் எண்ணி வைத்தது. அப்போதே பிடித்தது சனி. முதலில் பருந்து. வெயில் ஏறியதும் கொல்லையில் ஒரு நிழல் வட்டம் போடும், தாய்க்கோழி ஒரு மாதிரி இழுத்துக் கத்தும், நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் ஒன்று மேலே போயிருக்கும். பத்து நாளில் ஐந்து குஞ்சு. நான் சமைப்பதை விட்டேன், அடுப்பில் குழம்பு தீய்வதை விட்டேன், கொல்லையில் முறத்தைத் தட்டிக்கொண்டே நின்றேன். (பருந்துக்கு விருந்து வைத்துவிட்டு அம்மா பட்டினி கிடந்தார்கள் அக்கா. காலையில் எங்கள் வீட்டில் சேவல் கூவி விடிவதில்லை, அம்மா கூவித்தான் விடியும்.) கடைசியில் நசீம்தான் ஒரு வேலை செய்தாள். நெசவுக்காரர் தெருச் சாயப் பட்டறையில் மிச்சச் சாயம் கேட்டு வாங்கி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனை குஞ்சையும் பிடித்து முக்கிவிட்டாள், பாதி ரோஸ், பாதி பச்சை. தெருவே வந்து சிரித்துவிட்டுப் போனது. ஆனால் பருந்துக்கு அது கோழிக்குஞ்சா வேறெதுவுமா என்று விளங்கவில்லை போல, இரண்டு மூன்று நாள் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டது. சிறகு முளைத்த பிறகும் நம்முடையது என்று அடையாளம் தெரிய இறக்கையில் மட்டும் மறுபடி சாயம் வைத்தாள். (பள்ளிக்கூடத்தில் என்னைக் கையும் கலருமாகப் பிடித்து வெளியே நிறுத்தினார்கள். அதையும் எழுதவாம்மா என்றால் அம்மா எழுதச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.)

பருந்து ஓய்ந்தது என்று மூச்சு விட்டேன், ஓயவில்லை. ஆனி பிறந்ததிலிருந்து நாலு நாளைக்கு ஒன்று குறைகிறது. இறகு சிதறியிருக்காது, ஒரு சொட்டு இரத்தம் இருக்காது, கத்தின சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய் வரும் நேரத்தில்தான் கணக்குக் குறைகிறது. அந்த நேரம் அத்தா ஷாப்பில், நசீம் பள்ளிக்கூடத்தில், தெருப் பெண்கள் அத்தனை பேரும் குழாயடியில். குழாய்க்கு வராதவள் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து மாயம்மாள் ஒருத்திதான், அவள் வீட்டில் கிணறு இருக்கிறது. உனக்குத் தெரியும், பூட்டுப் பட்டறை வைத்திருக்கிற முத்துச்சாமியின் பெண்சாதி. உன் கல்யாணத்தில் இரண்டு நாள் நம் வீட்டு விறகடுப்பில் வெந்தவள். அவளையா சந்தேகப்படுவது என்று மனசை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் சுவர் மேல் எட்டிப் பார்த்தால் அவள் விறகு அடுக்கியிருக்கிற பக்கம் ஒரு ரோஸ் இறகு கிடக்கிறது. அத்தோடு என் புத்தி போயிற்று. அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மறுநாள் குழாயடியில், அவள் அந்த வழியாகக் கடைக்குப் போகிறாள் என்று தெரிந்தே, சில வீட்டுல இப்பல்லாம் வெஞ்சனத்துக்குப் பஞ்சமே இல்ல, சாயம் போட்ட கறின்னாலும் எறங்குது என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கடைக்குப் போகாமல் வந்த வழியே போய்விட்டாள். பத்து வருடமாக அக்கா அக்கா என்ற வாய் அன்று சாயங்காலம் சுவருக்கு மேல், பாயம்மா, ஒங்க துணி இந்தப் பக்கம் பறந்து வந்துருச்சு என்றது. பாயம்மா என்றாள் தாயி. ஊரில் யாரோ ஒரு துலுக்கப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கோழிக்குப் பூட்டுப் போடுவது என்று முடிவு செய்தேன். நான் கூட இருந்து பார்க்கிற நேரம் மட்டும் திறந்து விடுவது, குழாய்க்குப் போனாலும் தொழுகைக்கு நின்றாலும் உள்ளே அடைத்துப் பூட்டுவது. குடாப்பு உனக்குத் தெரிந்ததுதான், கொல்லைச் சுவரை ஒட்டி மண்ணால் கட்டி மேலே கல் பாவி முன்னால் பலகைக் கதவு வைத்தது. சரி, பூட்டுக்கு எங்கே போவது, முத்துச்சாமியிடம்தான். அவன் பெண்சாதியைத் திருடி என்று நினைத்துக்கொண்டு அவனிடமே போய் நின்று, கோழிக்குடாப்புக்கு ஒரு பூட்டு வேணும் தம்பி, ஆனா சாவி ஒன்னுகூட ஒங்கிட்ட இருக்கக்கூடாது என்றேன். உலகத்தில் வேறு எவளாவது இப்படிக் கேட்டிருப்பாளா? அவன் தலையைத் தூக்கவில்லை. அரத்தால் ராவிக்கொண்டே, ரெண்டு சாவிதான் வரும், ரெண்டையும் நீங்களே முடிஞ்சு வச்சுக்கங்க, மூணாவது சாவி எனக்கே செய்ய வராது, இத ஒடைக்கணும்னா அந்த எமந்தான் வரணும் என்றான். கூலி கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினான். அதுவும் எனக்குச் சுட்டது, அப்போதும் புரியவில்லை. இரண்டு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். (எலி வளைக்குக் கூடப் பூட்டுச் செய்கிற ஊர் அக்கா இது. ஆனால் எலி எந்தக் காலத்தில் கதவு வழியாக வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.)

போன ஞாயிற்றுக்கிழமை அகரத்துப் பொன்னுத்துரை, நம் வீட்டுக்குக் காய் கொண்டுவருவாரே அவர், கோழிக்குப் போடக் கம்பு தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அத்தா ஷாப்புக்குக் கிளம்பியதும் நானும் முதல் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் தாடிக்கொம்பு தாண்டும்போதுதான் முந்தானையில் கை பட்டது. குடாப்பைத் திறக்காமல் வந்துவிட்டேன், இரண்டு சாவியும் என்னிடம். பரவாயில்லை, ஒரு மணி நேரம் உள்ளே கிடந்தால் என்ன, பத்திரமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பத்திரமாக என்றுதான் நினைத்தேன் தாயி. திரும்பி வரும்போது பஸ் இல்லை, ஏதோ பழுதாம், கம்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக் காற்றில் மண்ணைத் தின்றபடி பாதி வழி நடந்தேன். இங்கே நடந்தது நான் கண்ணால் பார்க்காதது, பார்த்தவளே எழுதட்டும்.

(அக்கா, எட்டு மணி இருக்கும், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். குடாப்புக்குள் ஒரு சத்தம், கோழி சத்தம் மாதிரியே இல்லை. ஓடிப்போய்ப் பலகை இடுக்கில் பார்த்தால் இருட்டில் ஏதோ நீளமாகச் சுழல்கிறது, கோழிகள் சுவரில் மோதி மோதி விழுகின்றன. கீரி. சுவரின் அடியில் அந்தப் பக்கத்திலிருந்து வளை தோண்டி உள்ளே வந்திருக்கிறது. நான் பூட்டைப் பிடித்து இழுத்தேன், கல்லால் அடித்தேன், என் விரல்தான் நசுங்கியது. அதுவரை நான் எதற்கும் சிரிக்காமல் இருந்ததில்லை, அன்று அழுதுகொண்டே சுவர் மேல் ஏறி மாயக்கா மாயக்கா என்று கத்தினேன். அவர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்தார்கள். முத்துச்சாமி மாமா தெரு வழியாகக் கடப்பாரையோடு ஓடி வந்தார். தன் பூட்டைத் தானே அடிக்கிறார், அடிக்கிறார், அசையவில்லை. நாதாங்கியை நெம்புகிறார், அதுவும் அவர் போட்டுக்கொடுத்ததுதான், அசையவில்லை. மாயக்கா, ஒம் பூட்டுல இடி விழுக என்று சொல்லிவிட்டு எங்கள் உலக்கையை எடுத்துக் குடாப்பின் மண்சுவரிலேயே நாலு இடி இடித்தார்கள். ஓட்டை விழுந்தது. அது பெரிதாவதற்குக்கூட நிற்காமல் கையைத் தோள்வரை உள்ளே விட்டார்கள். வளையல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோழியை வெளியே இழுத்துப் போட்டார்கள், வால் இறகு ஒன்றுகூட இல்லை. மறுபடி கையை விட்டார்கள், அப்போதுதான் கடித்தது. கடித்த கீரி அந்த ஓட்டை வழியாகவே அவர்கள் மடி மேல் ஏறிக் குதித்துப் போனது. கீரி கீறியது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். அக்கா, இதற்கு மேல் அம்மா சொல்லட்டும்.)

நான் வந்து சேரும்போது உச்சி வெயில். கொல்லையில் எட்டுக் கோழி வரிசையாகக் கிடந்தது, இரண்டு தாய்க்கோழியும் ஆறு விடையும். கீரி ஒன்றைத் தின்பதற்கு எல்லாவற்றையும் கொல்லும், பூட்டிய வீட்டில் கோழி எங்கே ஓடும்? அறுக்காமல் செத்தது, நமக்கு ஆகாது, ஒரு துண்டுகூட அடுப்புக்குப் போகவில்லை. அத்தா வந்து குழி வெட்டினார். முத்துச்சாமி தன் வீட்டு விறகடுக்கைப் பிரித்தான், அடியில் கீரியின் வளை, வளை வாயில் ரோஸும் பச்சையுமாக நம் கோழி இறகு கைப்பிடி கைப்பிடியாக. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாயம்மாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள். நல்ல பூட்டு பாயம்மா, திருடியை வெளிய விட்டுட்டுக் கோழியத்தான் பூட்டுச்சு என்றாள். அவ்வளவுதான். கீரிக்கடி விஷம் ஏறினாலும் ஏறும் என்று பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டும் என்றுவிட்டார்கள். நாளைக்கு ஒன்று. ஊசி போட்டு வந்து அவள் வலியில் முனகுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நான் செய்து வைத்த கஞ்சியை இரண்டு நாளும் வாங்கவில்லை.

மிஞ்சியது அந்த வாலில்லாத விடை ஒன்றுதான், மொட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள் நசீம். (பெட்டையும் போச்சு, முட்டையும் போச்சு, மிச்சம் மொட்டை.) அதன் காலில் கயிறு கட்டி என் கட்டில் காலில் கட்டி வைத்திருக்கிறேன், இந்தக் கீரி இன்னும் உயிரோடுதான் திரிகிறது. மைதீன் பிச்சை வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐந்து நாள்தான் இருந்தது, நான் என்ன செய்வேன் சொல். குடாப்பு நிறையக் கோழி நிற்கும் என்று எழுதிய வாய். நசீம் ஒரு யோசனை சொன்னாள், நான் குடாப்புக்குள்ள உக்காந்து பத்துக் கோழி மாதிரிக் கொக்கரிக்கிறேன், நீங்க கதவைத் தொறக்காம வெளிய நின்னே காட்டுங்க என்றாள். அழுகிற நேரத்தில் சிரிக்க வைத்துவிட்டாள், அதற்காக ஒரு அடியும் வாங்கினாள். அவர் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. நேற்று புதன்கிழமை, காலையில் பத்து மணிக்கு, கையில் குடையோடு வாசலில் நின்று ஸலாம் சொல்கிறார். அத்தா ஷாப்பில். சம்பந்தி வீட்டு ஆள் முதல்முதலாக வந்திருக்கிறார், கோழி அடிக்காமல் சோறு போட முடியுமா? கோழி இல்லாமல் போட்டால், இந்த வீட்டில் விருந்தாளிக்கே கோழி இல்லை, பிள்ளை பெற்றவளுக்கு எங்கே என்று எழுதுவார். இருக்கிற மொட்டையை அறுத்து வைத்தால், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் குடாப்பைக் காட்டுங்கள் என்பார். அறுத்தாலும் போச்சு, அறுக்காவிட்டாலும் போச்சு. பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வரச் சொல்லி நசீமை அனுப்பிவிட்டு மொட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அது என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அதன் சூடு உறைத்தபோது எனக்கு உன் முதல் பிள்ளை ஞாபகம் வந்தது தாயி, நான் தூக்கவே இல்லாத பிள்ளை.

அப்போதுதான் கொல்லைப் படலை யாரோ தள்ளுகிற சத்தம். பார்த்தால் மாயம்மாள். வலது கையில் கட்டு, இடது கையில் ஒரு வேப்பங்குச்சி. முன்னால் ஒரு கறுப்புச் சேவலும் ஐந்து கோழியும், அவளுடையவை. வாசல் வரை கேட்கும்படி, அக்கா, ஒங்க கோழியெல்லாம் எங்க வீட்டுப் பக்கம் வந்து மேயுது, கொஞ்சம் பாத்துப் புடிச்சு அடைக்கக் கூடாதா, அம்புட்டுக் கோழிய வச்சுக்கிட்டு இப்படியா அசந்து இருப்பீக என்று சத்தம் போட்டாள். அக்கா என்றாள். என் பக்கத்தில் வந்து சத்தத்தைத் தணித்து, அந்தச் சேவலை அறுக்கச் சொல்லுங்க, மொட்டைய விட்ருங்க, அது எங் கை பட்டுப் பொழச்ச உசுரு என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன், கட்டுப் போட்ட கை என்பதுகூட நினைவில்லை, ஆத்தாடி வலிக்குதுக்கா என்றாள். லெப்பை வந்து சேவலை அறுத்தார். மைதீன் பிச்சை கொல்லைக்கு வந்து மொட்டையோடு சேர்த்து ஆறு கோழியையும் பார்த்தார், முத்துச்சாமி அடைத்துக் கொடுத்த குடாப்புச் சுவரைப் பார்த்தார், கதவில் தொங்கிய பூட்டைத் தூக்கிப் பார்த்தார். மாயம்மாள் கையைக் காட்டி, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். கீரி கடிச்சுருச்சு பாய் என்றாள். யாரு வீட்டுக் கோழிக்காக என்றார். எங்க அக்கா வீட்டுக் கோழிக்குத்தான் என்றாள். திருப்தியாகச் சாப்பிட்டார், இரண்டு தடவை சாறு கேட்டு வாங்கினார். எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் சாயங்காலம் வரைக்கும்தான். கடைசி பஸ்ஸுக்குப் போகலாம் என்று கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்ந்தது. மாயம்மாளின் ஐந்து கோழியும் மேய்வதை நிறுத்தின, ஒன்றன்பின் ஒன்றாகப் படலைக் கடந்து, தெருவோரமாக நடந்து, அவரவர் வீட்டுக்குப் போவதுபோல நேராக மாயம்மாள் வீட்டுக்குப் போய்விட்டன. அடையும் நேரத்தில் கோழி தன் கூட்டுக்குத்தான் போகும் என்பதை நாலு மாதம் கோழியே கதி என்று கிடந்த நான் மறந்துவிட்டேன். (கோழிக்குப் பொய் சொல்ல வராது அக்கா. அம்மாவுக்கும் வராது, அதனால்தான் முகம் அப்படி வெளுத்தது.) கொல்லையில் மொட்டை மட்டும் நின்றது. அவர் போகிற கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டார், அந்தப் பூட்டு யாரு செஞ்சது, நம்ம கடைக்கு ஒன்னு வேணும் என்று மட்டும் சொன்னார், முத்துச்சாமி வீட்டைக் கைகாட்டினேன், அங்கே செத்த நேரம் நின்று பேசிவிட்டுப் போய்விட்டார். என்ன பேசினார் என்று முத்துச்சாமியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் உன் மாமிக்கு என்ன எழுதுவார் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். இராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அதனால் தாயி, இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. உன் மாமியின் முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துக் காட்டு, நசீமின் உளறலைக்கூட விடாதே. குடாப்பு நிறையக் கோழி என்று எழுதியது என் ரோஷம், குடாப்பில் ஒரு மொட்டை என்பதுதான் உண்மை. அந்த ஒன்றும் அடுத்தவள் கையைக் கடிக்கக் கொடுத்து எடுத்தது. நாப்பது நாள் சாறுக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அத்தா ஷாப்பில் சொல்லிக் குடாப்பின் அடியில் கல் பாவ ஆள் பார்க்கிறார், சுற்றிலும் கம்பி வலை அடிக்கிறேன் என்று முத்துச்சாமி சொல்லியிருக்கிறான், நான் மறுபடி அடை வைக்கப் போகிறேன், மாயம்மாள் தன் கோழியின் முட்டை பதினொன்றை எடுத்து வைத்திருக்கிறாள், அடைக்கு உட்கார ஒரு கோழியும் தருகிறாளாம். அவளுடையதும் இனி என் காவலில் என்பதை நினைத்தால் இன்னும் பயம் கூடுகிறது. என் கோழி போனால் என் தலைவிதி, அவளுடையது போனால் நான் எந்த முகத்தைக் காட்டுவது? ஆனாலும் கேட்கிறேன், உன் மாமியிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல், ஆவணியில் ஏழாம் மாதம் பிறந்ததும் அத்தா பம்பாய்க்கு வருவார், உன்னை அவரோடு அனுப்பி வைக்க வேண்டும். கோழியைப் பார்த்து அனுப்ப வேண்டாம், இந்தக் கொல்லையில் உனக்காகச் சுவர் ஏறிக் குதிக்க ஒருத்தி இருக்கிறாள், அதைப் பார்த்து அனுப்பட்டும். அதற்கும் மாட்டேன் என்றால் நான் யாரையும் கேட்கப் போவதில்லை, மொட்டையைப் பஞ்சாரக் கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு நானே ரயில் ஏறி அங்கே வந்துவிடுவேன், உன் மாமி வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டிச் சாறு வைப்பேன். போன தடவை வராமல் இருந்ததுபோல இந்தத் தடவை இருக்க மாட்டேன். (சொன்னால் செய்வார்கள் அக்கா. பஞ்சாரத்தைக் கழுவிக் காயப் போட்டாயிற்று.)

நீ அங்கே குழாய்வரிசையில் நெடுநேரம் நிற்காதே, குடத்தை இடுப்பில் வைக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கி வரச் சொல், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். அங்கே உங்கள் வீட்டுப் பக்கத்துத் தோல் ஷாப் வாடை வயிற்றைப் புரட்டினால் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள். கால் வீங்கினால் உடனே எழுது, ஒளிக்காதே, போன தடவை ஒளித்தாய். அத்தாவின் இருமல் பரவாயில்லை. இன்று மாயம்மாளுக்கு நாலாவது ஊசி, நான்தான் கூடப் போனேன். போகும்போது ஒரு அடி தள்ளியே நடந்தாள், வரும்போது என் தோளில் சாய்ந்து நடந்தாள். அவள் உடைந்த வளையலுக்குப் பதில் போட இங்கே கடையில் பார்த்தேன், எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. நீ வரும்போது பம்பாயிலிருந்து கண்ணாடி வளையல் ஒரு டஜன் அவளுக்கு வாங்கி வர வேண்டும், பச்சையும் ரோஸும் கலந்து. இதை மறக்காதே. உறைக்குள் ஒரு நூல் வைத்திருக்கிறேன், அவள் கை அளவு. வலது கை வீங்கியிருப்பதால் இடது கையில்தான் எடுத்தோம். வீக்கம் வடிஞ்சா அதுவும் இதே அளவுதான் அக்கா, அவ வர்றதுக்குள்ள வடிஞ்சுரும் என்றாள்.

உன் வயிற்றுக்கும் உன் உயிருக்கும் அல்லா காவல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் உன் மாமிக்கும் எங்கள் ஸலாம்.

துஆவோடு வழி பார்த்திருக்கும்
உன் அம்மா
ஷரீஃபா, பீர் முகமது வீடு

(எழுத்து நசீம் பானு. அடைப்பை இத்தோடு அடைக்கிறேன், பூட்டவில்லை.)